ஏகோன் டீட்ஸின் வலக்கண்

லோதார் ஆம்பெர்க் இறந்த அன்று அவர் பெயரில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பு பதினொன்று இருந்தன. எல்லாம் நூறு வயதைத் தொட்டவை. பலகையில் குறி சுடுவதற்கென்றே துரிங்கிய மலைக்காட்டுப் பட்டறைகளில் செய்தவை. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவுக்கு மேல் கொள்ளாதவை. கடைசி ஆறு மாதமும் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: நண்பன் ஏகோனின் வலக்கண்ணைப் பறித்தது பழைய இரும்பா, தன் கையா?

மகள் யூட்டாவுக்கு விபத்து நடந்தது தெரியும். கேள்வி இருப்பது செப்டம்பர் வரை தெரியாது.

விபத்து ஜூலை பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஊர்ச் சங்கத்தின் ராஜா போட்டியில் நடந்தது. அன்று யார் சுட்ட குண்டு பலகையின் நடுவுக்கு மிக அருகில் விழுகிறதோ அவர் அடுத்த ஜூலை வரை ராஜா. வெள்ளிச் சங்கிலி அவர் கழுத்துக்கு, படம் வரைந்த பலகை அவர் வீட்டு முகப்புக்கு. ஒரே ஆள் அடுத்தடுத்து ராஜா ஆகிவிடக் கூடாது என்று அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். போன வருட ராஜா தன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இன்னொருவரிடம் இரவல் வாங்கித்தான் சுட வேண்டும். போன வருட ராஜா ஏகோன் டீட்ஸ். அவர் லோதாரிடம் வாங்கினார்.

துப்பாக்கியைக் கொடுத்தால் தோட்டாவையும் கொடுத்தாக வேண்டும். இந்தப் பழைய குழல்கள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒவ்வொன்றிலும் தலைமயிர் அளவு வித்தியாசம். அதற்கேற்ப ஈயக்குண்டு வார்த்து, அதற்கேற்ப வெடிமருந்து நிறுத்துப் போட்டு, துப்பாக்கிக்காரரே தோட்டாவை நிரப்புவார். 'அவரவர் நிரப்பியதை அவரவரே சுட வேண்டும்' என்று சங்கக் கட்டடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ராஜா போட்டியன்று மட்டும் யாரும் அந்தச் சுவர்ப்பக்கம் பார்ப்பதில்லை.

லோதார் இருபது தோட்டாக்களை ஒரு தோல்பையில் போட்டுக் கொடுத்தார். பழகுவதற்கு மூன்று. மூன்றும் நன்றாகப் போயின. நான்காவதுதான் போட்டிக் குண்டு. விசையைத் தொட்டதும் துப்பாக்கியின் பின்பூட்டு பிளந்தது. ஒரு சில்லு ஏகோனின் மூக்குக்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. வாத்தியக் கோஷ்டி வெளியே வாசித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு விவரம் தெரிந்து நிறுத்த ஐந்து நிமிடம் ஆயிற்று.

லோதார் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லியாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் பிறந்தவர். போர் முடிந்தபோது ஐந்து வயது. வீட்டில் ஆயுதம் வைத்திருப்பவன் சுட்டுக் கொல்லப்படுவான் என்று ஜெயித்த படைக்காரர்கள் அறிவிப்பு ஒட்டினார்கள். அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. அம்மா தாத்தாவின் குறிதுப்பாக்கியைப் போர்வையில் சுற்றி, ஒரு கையில் அதையும் மறு கையில் பையனையும் பிடித்துக்கொண்டு நகர மன்றத்துக்கு நடந்தாள். முற்றத்தில் துப்பாக்கிகள் விறகுபோலக் குவிந்து கிடந்தன. ஒரு சிப்பாய் வாங்கிக் குவியல்மேல் எறிந்தான். அதன் மரக்கட்டை உடைந்த சத்தம் லோதாருக்கு நினைவிருந்தது. அதைப் பற்றி வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அவர் பேசியதில்லை.

பதினான்கு வயதில் ஊர்த் துப்பாக்கித் தொழிற்சாலையில் சேர்ந்தார். முப்பத்தெட்டு வருடம் அங்கே. பெரும்பாலும் பரிசோதகர் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் வேட்டைத் துப்பாக்கி ஒவ்வொன்றும் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பகலெல்லாம் நூறு துப்பாக்கி கையில் புரளும். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள அன்றிருந்த கம்யூனிஸ்ட் அரசாங்கத்தில் அனுமதி கிடையாது. பக்கத்து மேசைக்காரர் ஏகோன். அவர் பூட்டு பொருத்துபவர். அவர் பொருத்தியதை லோதார் திருப்பி அனுப்புவார். காரணத்தைச் சீட்டில் எழுதிக் கட்டியிருப்பார்.

"கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் வேலைக்கு வருவியா?" என்று ஏகோன் கத்துவாராம்.

"நீ கையில வெளக்கெண்ணெய் தடவிக்கிட்டு வர்றியே, அதுக்காக" என்பாராம் லோதார்.

இப்படித்தான் சிநேகம் தொடங்கியது.

நாட்டை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் விழுந்தது. மூன்றாம் வருடம் தொழிற்சாலை மூடியது. லோதாருக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதுக்காரனுக்கு வேலை தருவார் இல்லை. அந்த வருடம்தான் வீடுகளுக்குப் புதுக்கூரை போடத் தொடங்கினார்கள். பழைய உத்திரங்களுக்கு இடையில், புகைபோக்கிக்குப் பின்னால், நாற்பத்தைந்தில் ஒளித்த துப்பாக்கிகள் கிடைக்க ஆரம்பித்தன. ஒளித்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள். விதவைகளும் பேரன்களும் பயந்து லோதாரைக் கூப்பிட்டார்கள். அவர் முறைப்படி உரிமம் எடுத்து, ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூரை ஓடு மாற்றிக் கொடுத்து வாங்கியது ஒன்று, குளிர்கால விறகு வெட்டிக் கொடுத்து வாங்கியது ஒன்று. கிடைத்த இடத்தை வைத்துப் பெயர் சொல்லுவார்: கூரைக்காரன், அடுப்படிக்காரன், கிணற்றுக்காரன். கிணற்றுக்காரன் எண்ணெய்த் துணியில் சுற்றி வற்றிய கிணற்றில் நாற்பத்தேழு வருடம் கிடந்தது. பதினொன்றிலும் அதுதான் நேராகச் சுடும். ஏகோன் கையில் பிளந்தது அதுதான்.

துப்பாக்கி ஒன்றுக்கு ஒரு நோட்டு. மென்மையான ஈயத்தைக் குழலுக்குள் தட்டி இறக்கி, மறுமுனையில் எடுத்து, அளந்து எழுதுவார். எந்த மருந்து, எவ்வளவு, அன்றைய வெப்பம் என்ன, குண்டு எங்கே விழுந்தது, எல்லாம் இருக்கும். மனைவி இறந்த வாரத்துப் பக்கத்தில்கூட அளவுகள் மட்டும்தான் இருந்தன.

விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள். பிளந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தடவை லோதார் நிரப்பியது ஐம்பது. வீட்டில் மீதி இருந்த முப்பதையும் எடுத்துக்கொண்டார்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள்.

"வீட்ல இருக்கறது இவ்வளவுதான்" என்றார் லோதார்.

அது உண்மை. ஏகோனுக்குக் கொடுத்த இருபதில் நான்கு போக பதினாறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நிபுணரின் தாள் ஆகஸ்டில் வந்தது. முப்பது தோட்டாவிலும் குறையில்லை. இரும்பு பழையது, ஈரத்தில் கிடந்தது. காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. ஊர் தன் பாட்டுக்கு முடிவு கட்டிக்கொண்டது: கிணற்று இரும்பு. சங்கத் தலைவர் பழைய துப்பாக்கிகளைச் சுடுகளத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று நிறுத்திவைத்தார். அக்டோபர் ஐந்தாம் தேதிக் கூட்டத்தில் நிரந்தரமாகத் தடை செய்வதாக இருந்தது. ஏகோன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் லோதாரை வரச் சொல்லி, "விடுடா, இரும்புக்கு வயசாச்சு. நமக்கும்தான்" என்றார்.

செப்டம்பர் நடுவில் லோதார் யூட்டாவுக்குத் தொலைபேசினார். அவள் ஸ்டுட்கார்ட்டில் ஓர் உலோகச் சோதனைக் கூடத்தில் அளவீட்டுப் பொறியாளர்.

"தராசு ஒண்ணு கொண்டுவர முடியுமா?"

"எவ்வளவு துல்லியம் வேணும்?"

"மில்லிகிராம்."

"உன்கிட்டதான் மருந்து நிறுக்கற தராசு இருக்கே."

"அது என்னோடது. இந்த விஷயத்துல என்னோட சாமான் எதையும் நான் நம்ப மாட்டேன்."

சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே அவர் விஷயத்தைச் சொல்லி முடித்தார். இந்தத் தோட்டாக்கூடு புகைக்கிற பழைய கரிமருந்துக்காகச் செய்தது. வாய்வரை நிரப்பினால்தான் அது சுடும். இப்போது போடும் மருந்து வீரியம் அதிகம். மூன்றில் ஒரு பங்கு போதும். இரண்டு தடவை போட்டாலும் கூடு வழியாது, குண்டு மேலே அமர்ந்துகொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கூட்டில் இரண்டு பங்கு விழுந்திருந்தால் பக்கத்துக் கூட்டில் ஒன்றும் விழுந்திருக்காது. அந்தக் காலித் தோட்டா வீட்டில் இருந்த முப்பதில் இல்லை. இருந்தால் பதினாறில் இருக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் தன் கை சுத்தம்.

"அந்தப் பதினாறு எங்கே?"

"ஏகோன் மேல்சட்டைப் பையில. ஹெல்மா ஆஸ்பத்திரியிலேருந்து எடுத்துட்டு வந்தா."

"ஒன்பது வாரமாவா?"

"ஆமா."

"ஏன்பா முன்னாடியே கேட்கல?"

"பயம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யூட்டா அதுவரை கேட்டதில்லை.

ஏகோன் கண் மருத்துவரிடம் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனார்கள். அவர் மனைவி ஹெல்மா கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் இறுகியது.

"இப்ப எதுக்கு லோதார் அது?"

"நிறுத்துப் பார்க்கணும்."

"பார்த்து? அவருக்குக் கண்ணு முளைக்குமா?"

"முளைக்காது."

"அப்புறம்?" அவள் யூட்டா பக்கம் திரும்பினாள். "நீ படிச்ச பொண்ணு, நீயாவது சொல்லு. இரும்புன்னா இரும்புன்னு இருந்துட்டுப் போகட்டுமே. வாரத்துக்கு ரெண்டு நாள் உங்கப்பன் வர்றான், அன்னிக்குத்தான் இந்த மனுஷன் ஷேவ் பண்ணிக்கறார். தெரியுமா உனக்கு?"

"அத்தை, எனக்கும் இதுல இஷ்டமில்ல" என்றாள் யூட்டா. அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் நகரவில்லை.

ஹெல்மா நிலவறைக்கு இறங்கிப் போய் ஒரு நெகிழிப் பையோடு ஏறி வந்தாள். உள்ளே பச்சை மேல்சட்டை, துவைக்காதது. "மூணு தடவை தண்ணியில போட எடுத்தேன். முடியல" என்றாள். பாக்கெட்டிலிருந்து தோல்பையை எடுத்து லோதார் கையில் வைத்தாள். விடவில்லை. "என்ன தெரிஞ்சாலும் உன்னோட வச்சுக்க. கேட்டுக்கறேன் லோதார். உன்னோட வச்சுக்க."

அவர் மெதுவாகப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டில், சமையலறை மேசைமேல், யூட்டா பதினாறையும் வரிசையாக நிறுத்தினாள். தராசைச் சமன் செய்து, மின்சாரத்தில் போட்டுச் சூடாக விட்டாள். அதற்குள் ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே குலுக்கினாள். உள்ளே மருந்து மணல்போலச் சலசலத்தது.

"கேட்குதா?" என்றார் லோதார்.

"கேட்குது. உனக்கு?"

"எனக்கு எங்கே? இருபது வருஷம் சுட்ட காது." அவர் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சலசலத்தது. மூன்றாவது, நான்காவது. பதினொன்றாவது சலசலக்கவில்லை. அவள் மறுபடி குலுக்கினாள். தன் முகம் மாறாதபடி பார்த்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தாள்.

"கீழ வை" என்றார் அவர். "நிறுத்துப் பாரு."

பதினைந்துக்கும் இடையே ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இல்லை. பதினொன்றாவது முக்கால் கிராம் குறைவு. ஒரு பங்கு மருந்தின் எடை முக்கால் கிராம். லோதார் குண்டை விரலால் திருகிப் பிடுங்கி, கூட்டை வெள்ளைத் தாள்மேல் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தாளை வெகுநேரம் பார்த்தார்.

யூட்டா நோட்டைத் திறந்தாள். நிரப்பிய தேதி ஜூலை பதின்மூன்று, சனிக்கிழமை, காலை பத்தே முக்கால் என்று இருந்தது.

"நடுவுல எழுந்தியா?"

"தபால்காரன் மணி அடிச்சான்."

அவள் ஞாயிறுதோறும்தான் தொலைபேசுவாள். அந்த வாரம் ஞாயிறு நண்பர்களோடு ஏரிக்குப் போகவேண்டியிருந்தது. அதனால் சனிக்கிழமையே பேசினாள், பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்பு. அவர் கிண்ணத்தில் மருந்தோடு நின்றிருப்பார். மணி கேட்டதும் கையிலிருந்ததை அவசரமாகக் கொட்டியிருப்பார், அடுத்த கூட்டில் கொட்டியதாக நினைத்து. திரும்பி வந்து அதற்கடுத்ததிலிருந்து தொடர்ந்திருப்பார். என்ன பேசினோம் என்று யோசித்தாள். ஏரிக்கு என்ன ரொட்டி எடுத்துப்போவது என்று பேசியிருந்தாள். பத்து நிமிடம்.

"அப்பா, தபால்—"

"தபால்காரன்" என்றார் அவர். எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

மறுநாள் ஞாயிறு. காரை யூட்டா ஓட்டினாள். வேண்டாம் என்று வழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "முப்பத்தெட்டு வருஷம் அவன் தப்பைச் சீட்டுல எழுதிக் கட்டினேன்" என்றார்.

ஏகோன் சமையலறையில் பிளம் கேக் தின்றுகொண்டிருந்தார். சவரம் செய்திருந்தார். "வாடா! யூட்டா, நீயுமா? கண்ணாடிக் கண்ணு வந்திருச்சு, பாரு. எந்தக் கண்ணு நிஜம்னு சொன்னா உனக்கு ஒரு துண்டு கேக்."

"இடது, மாமா."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அது சிரிக்குது."

"கேட்டியா ஹெல்மா, அப்பன் புத்தி அப்படியே இருக்கு இவளுக்கு. உட்காருடா லோதார், ஏன் கடன் கேட்க வந்தவன் மாதிரி நிக்கறே?"

லோதார் உட்காரவில்லை. ஹெல்மா அடுப்பருகே திரும்பி நின்றுகொண்டாள். அவர் தொழிற்சாலைச் சீட்டைப் படிப்பதுபோல, நின்றபடியே சொன்னார்: எத்தனை தோட்டா, எவ்வளவு எடை, எது காலி. "ரெண்டு பங்கு விழுந்ததுதான் உன் கையில வெடிச்சது. இரும்புல குத்தமில்ல. என் கை."

ஏகோன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நீயா?"

"நான்தான்."

"நீ விளக்குப் பிடிச்சு ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் பார்ப்பியே."

"அன்னிக்குப் பார்க்கல. நடுவுல எழுந்தேன்."

"மாமா, அது நான்தான்" என்றாள் யூட்டா. "நான்தான் போன் பண்ணேன்."

"அவ பேச்சைக் கேட்காதே" என்றார் லோதார் சட்டென்று.

ஏகோன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போன் யார் வேணா பண்ணலாம். எடுத்தது யாரு?" என்று லோதாரிடம் கேட்டார்.

"நான்."

தெருவில் ஒரு டிராக்டர் போயிற்று.

"எத்தனை வாரம்டா என் வீட்டுக்கு வந்து கேக் தின்னே?"

"எட்டு."

"தெரிஞ்சா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"இரும்புன்னு இருந்தவரைக்கும் எனக்குக் கண்ணு மட்டும்தான் போயிருந்துச்சு" என்றார் ஏகோன். குரல் உயரவில்லை. "கிளம்பு. யூட்டா, அவனைக் கூட்டிட்டுப் போ."

அக்டோபர் ஐந்தாம் தேதி லோதார் சங்கக் கூட்டத்தில் அரைப் பக்கம் படித்தார். பதினாறு தோட்டாக்களின் எடைப் பட்டியலையும் வைத்தார். யூட்டா பின்வரிசையில் இருந்தாள். ஏகோன் வரவில்லை. யாரோ ஒருவர், "இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார். லோதார், "ஆமாம்" என்றார். தடை நீங்கியது, பழைய துப்பாக்கிகள் மறுபடி சுடுகளத்துக்கு வரலாம் என்று கையைத் தூக்கினார்கள். அடுத்த தாளாக அவர் தன் விலகல் கடிதத்தை வைத்தார். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். உரிமத்தை அதிகாரிகள் கேட்பதற்கு முன்பே அவராகவே கொண்டுபோய்க் கொடுத்தார். பத்துத் துப்பாக்கிகளையும் நோட்டுகளோடு, சுடக்கூடியவர்களுக்கே கொடுத்துவிட்டார். கிணற்றுக்காரனை அறுத்து அழித்துவிட்டதாகக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு யூட்டா ஞாயிறு தொலைபேசும்போது அவர் இரண்டு மூன்று வார்த்தையில் முடித்துக்கொள்வார். "பட்டறையில வேலை இருக்கு." என்ன வேலை என்று கேட்டால், "மரம்" என்பார். ஏகோன் வந்தாரா என்று அவள் ஒருமுறை கேட்டாள். "இல்ல. நான் ரெண்டு தடவை போனேன். ஹெல்மா வாசல்லயே நின்னா."

ஜனவரி ஒன்பதாம் தேதி பட்டறையில் விழுந்து இறந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் பார்த்துச் சொல்லி அனுப்பினார். சங்கத்து ஆள் இறந்தால் குழிமேட்டில் மூன்று முறை வெடி வைப்பார்கள். விலகியவருக்குக் கிடையாது. மாலை மட்டும் அனுப்பியிருந்தார்கள். ஏகோன் வரவில்லை. ஹெல்மா வந்து கல்லறைத் தோட்டத்து வாசற்கதவு பக்கமாகவே நின்று, மண் போடாமல் போனாள். பனி உறைந்திருந்தது, குழியை இயந்திரம் வைத்துத்தான் தோண்டியிருந்தார்கள்.

பட்டறையைத் திறந்தபோதுதான் யூட்டா அந்த மரத்தைப் பார்த்தாள். அக்ரூட் மரத்தில் செதுக்கிய துப்பாக்கிக் கட்டை. தோளில் அமரும் கொக்கிபோன்ற பின்பகுதி, கன்னத்தைத் தாங்கும் மேடு, எல்லாம் முடிந்து எண்ணெய் மூன்று பூச்சு வாங்கியிருந்தது. ஏதோ தப்பாக இருப்பதாகத் தோன்றியது. கையில் எடுத்துத் தோளில் வைத்ததும் புரிந்தது. கன்ன மேடு மறுபக்கத்தில் இருந்தது.

இந்தப் பழைய துப்பாக்கிகளின் கட்டையை வலது கன்னத்துக்கென்றே குடைந்திருப்பார்கள். வலக்கண் போனவன் இடது தோளில் வைத்தால் மேடு வெளிப்பக்கம் போய்விடும். தலை நிற்காது, குறி நிற்காது. கண் போன அன்றே ஏகோனுக்கு அவருடைய துப்பாக்கியும் போய்விட்டது. அந்தத் துப்பாக்கியைப் பதினேழு வருடத்துக்கு முன்பு பழுது பார்த்துக் கொடுத்தவர் லோதார். அதன் அளவுகள் பழைய வரைபடத்தில் இருந்தன. அவற்றையெல்லாம் இடவலம் மாற்றி வரைந்திருந்தார். கட்டையில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. 'ஏகோன். இடது.' அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

ஏகோன்தான் கதவைத் திறந்தார். சவரம் இல்லை. அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். உள்ளே நடந்தார். அவள் பின்னால் போனாள்.

"அப்பா செஞ்சது. உங்களுக்கு."

அவர் துணியைப் பிரித்தார். சீட்டைப் படித்தார். கட்டையைத் திருப்பி, பூட்டு உட்காரும் குழிவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பூட்டுப் பொருத்துபவரின் கை அது. எங்கே தடவ வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பிறகு இரும்பலமாரியைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்தார். மேசைமேல் விரிப்பைப் போட்டு, இரண்டு திருகுகளைக் கழற்றி, பழைய கட்டையைப் பிரித்தார். புதிய கட்டையில் இரும்பை இறக்கினார். தட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு சின்ன 'டக்'. திருகுகளை முடுக்கினார்.

ஹெல்மா உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

ஏகோன் எழுந்தார். துப்பாக்கியை இடது தோளுக்கு உயர்த்தி, கன்னத்தை மேட்டில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு முகப்பில் தொங்கிய பழைய பரிசுப் பலகையைக் குறிபார்த்தார். அசையாமல் நின்றார். யூட்டா மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வரை எண்ணினாள்.

"பொருந்துது" என்றார்.

"சரியா இருக்கா மாமா?"

"ஒரு நூல்கூடத் தப்பில்ல." இன்னும் துப்பாக்கியை இறக்கவில்லை. "இவ்வளவு சரியாச் செய்யத் தெரியும் அவனுக்கு. தெரிஞ்சவன்தான் அன்னிக்குப் பார்க்கல."

இறக்கி மேசைமேல் வைத்தார். திருப்புளியை எடுத்து, முடுக்கிய இரண்டு திருகுகளையும் மறுபடி கழற்றத் தொடங்கினார். ஹெல்மா, "ஏகோன்" என்றாள். அவர் நிமிரவில்லை. தன்னால் இனி சுட முடியாத பழைய கட்டையில் இரும்பைத் திரும்பப் பொருத்தினார். அதற்குக் கொஞ்சம் தட்ட வேண்டியிருந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு புதிய கட்டையைத் துணியில் அவளைவிட ஒழுங்காகச் சுற்றி, சீட்டையும் உள்ளே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போம்மா."

"இது உங்க துப்பாக்கிக்குத் தவிர எதுக்கும் உதவாது மாமா."

"தெரியும்."

அவள் வாங்கிக்கொண்டாள். வாசல் வரை அவர் வரவில்லை. ஹெல்மாதான் வந்தாள். படியில் உப்புத் தூவியிருக்கிறேன், இருந்தாலும் வழுக்கும், பார்த்து இறங்கு என்றாள். யூட்டா பார்த்து இறங்கினாள்.